மல்லேஸ்வரத்தில் நான் பேசிய கன்னடம்

பிப்ரவரி 3, ஞாயிறு

காலையில் நல்ல குளிர். வாயைத் திறந்தால் புகை. அக்காவுக்கு முன்னால் எழுந்து சோறு வடித்து, குழம்பையும் இறக்கி வைத்துவிட்டேன். வேலையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறாள் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஓரகத்திதான், ஆனாலும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

வைட்ஃபீல்டு போய் வந்தோம். அவரும் நானும். தண்டு என்கிற கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறும்வரை அவர் முன்னே, நான் பின்னே. ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில்.

அவர் யாரிடம் டைப் அடிக்கிறாரோ அந்தத் துரையைப் பார்த்தேன். பெரிய பங்களா. சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, அதில் குண்டூசி குத்திய பட்டாம்பூச்சிகள். அதைப் பற்றித்தான் புத்தகம் எழுதுகிறாராம். அறுபத்தெட்டு வயது. முகம் வேகவைத்த சர்க்கரைவள்ளி நிறம். கையை நீட்டினார். நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையையே பிடித்துக் குலுக்கிவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற இவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். துரை ஒரு ரோஜாச் செடி கொடுத்தார், சாக்கில் கட்டி. இந்த டைரியும் துரை கொடுத்தனுப்பியதுதான். போன வருஷத்தது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு நான் எழுதிக்கொள்கிறேன்.

திரும்பும்போது ரயிலில் அவர் சொன்ன விஷயம்: மல்லேஸ்வரத்தில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறதாம். தினம் கூட ரயிலில் வரும் ராவின் அக்கா வீடு. பின்பக்கம் தனியாக ஒரு கூடம், ஒரு சமையலறை. நாம் இரண்டு பேர் மட்டும் என்றார். தண்டு வரும்வரை முந்தானை நுனியை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே வந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

இங்கே ஜோகுபாளையத்தில் இரண்டே அறை. முன்னறையில் அவர் அண்ணன் மூத்தாரும் அவரும். உள்ளறையில் அக்கா, நான்கு பிள்ளைகள், நான். கல்யாணம் ஆகி எட்டு மாதம். அவரோடு நான் பேசியதெல்லாம் ரயிலிலும் ஜட்காவிலும்தான். வெளியே போகாத வாரத்தில் பேச்சே கிடையாது. காப்பி, துண்டு, சட்டைப் பொத்தான், அவ்வளவுதான்.

இடது குதிகாலில் செருப்பு கடித்துக் கொப்புளம்.

பிப்ரவரி 6, புதன்

மல்லேஸ்வரம் போய் வீடு பார்த்தாயிற்று. அவருக்கு லீவு இல்லை. மூத்தார் கூட்டிப் போனார்.

கூடம் சின்னதுதான். ஆனால் எலக்ட்ரிக் விளக்கு இருக்கிறது. சமையலறையில் ஜன்னல், வெளியே நாரத்தை மரம். குழாய் நான்கு வீட்டுக்கும் பொது. அடுப்பு மேடை உயரம் எனக்குச் சரி. கை வைத்துப் பார்த்தேன்.

மூத்தார் வீட்டுச் சொந்தக்காரரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, ராவின் அக்கா சாவித்ரம்மா, என்னை உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தாள். தமிழ் ஒரு வார்த்தை வராது. நான் எட்டு மாதக் கன்னடத்தை எடுத்து விட்டேன். எல்லாக் கேள்வியும் புரிந்தது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எஜமானர் என்ன வேலை என்று கேட்டாள். துரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். நம் ஊரில் எடுத்ததும் ஊர் பெயர் கேட்பார்கள், இவர்கள் வேலை கொடுப்பவரைப் பற்றியே துருவித் துருவிக் கேட்கிறார்கள். வாடகை ஒழுங்காக வருமா என்று பார்ப்பதற்காக இருக்கும்.

வரும்போது மனசு என்னவோ போல. முதலில் பேசிக்கொண்டே குங்குமச் சிமிழைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். நான் கிளம்பும்போது அதைத் திரும்ப மாடத்தில் வைத்துவிட்டாள். வா என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை. மோர் தம்ளரை நான் கழுவி வைக்காமல் வந்தது தப்போ?

பிப்ரவரி 8, வெள்ளி

வீடு இல்லை. வேறு யாருக்கோ கொடுத்தாயிற்றாம். ராவ் சொன்னதாக நேற்று மாலை அவர் வந்து மூத்தாரிடம் சொன்னார். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை.

என்ன தப்பு செய்தேன் என்று காலையிலிருந்து யோசனை.

தம்ளர்.
அடுப்பு மேடையில் கை வைத்தது.
நாரத்தங்காய் பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டது. முதல் நாளே கேட்டிருக்கக் கூடாது.
அதிகம் பேசியது.
கிழிந்த ரவிக்கை? முதுகுப் பக்கம்தான், முந்தானை மூடியிருந்தது.

அக்கா சாப்பிடச் சொன்னாள். பசி இல்லை என்றேன். உடனே அவள் முகத்தில், மசக்கையோ என்று ஒரு சந்தேகச் சிரிப்பு. அதெல்லாம் இல்லை அக்கா, எப்படி இருக்க முடியும் என்று கத்தலாம் போல வந்தது.

பிப்ரவரி 10, ஞாயிறு

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. லால்பாக் போனோம். போகும்போதே பேசலாம் என்று நினைத்திருந்தேன். நான்கு பிள்ளைகளும் கூடக் கிளம்பிவிட்டன. ஐந்து வயது கமலி என் கையை விடவே இல்லை.

பாறை மேல் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஐந்து நிமிஷம் கிடைத்தது. அவர் முகம் சரியில்லை. ராவ் இரண்டு நாளாக வேறு பெட்டியில் ஏறுகிறாராம். இவர் கை காட்டினால் பார்க்காதது போல் பேப்பரை உயர்த்திக்கொள்கிறாராம். இரண்டு வருஷத்துச் சிநேகம். இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை ஒரு வேலையாக மல்லேஸ்வரம் பக்கம் போனாராம். வீடு காலி என்ற பலகை அப்படியே தொங்குகிறதாம்.

அப்படியானால் வீடு யாருக்கும் கொடுக்கவில்லை. எங்களுக்குத்தான் கொடுக்கவில்லை.

அன்றைக்கு நீ என்ன பேசினாய் என்று கேட்டார். கோபமாக இல்லை. ஒன்றுமில்லை, துரையைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன் என்றேன். அதற்குள் கமலி முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்துவிட்டாள்.

என்னால்தான். எப்படி என்று தெரியவில்லை, ஆனால் என்னால்தான்.

பிப்ரவரி 12, செவ்வாய்

எழுத்து கோணல்.

காலையில் அல்சூர் கடைத்தெருவுக்கு அக்காவுக்குப் பதில் நான் போனேன். வழக்கமான பூக்காரர் இல்லை, யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் எங்கே என்றேன். பாதித் தமிழ் பாதிக் கன்னடம் அவளுக்கு.

"நம்ம யஜமான்ரு ரெண்டு நாளா எந்திரிக்கல. ஜொரம். அதான் நானே வந்துட்டேன்."

அவர் உனக்கு எஜமானா, நீ அவரிடம் வேலை செய்கிறாயா என்று கேட்டேன். பூக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலையா? எங்க வீட்டுக்காரரும்மா. கன்னடத்துல புருஷனை யஜமான்ருன்னுதான் சொல்லுவோம். பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

பூவை வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா, ஞாபகமில்லை. வீட்டில் வந்து பார்த்தால் கையில் பூ இல்லை.

ஆரணியில் அப்பா மண்டிக் கணக்கர். வாய் நிறைய எஜமானர், எஜமானர் என்பார். எஜமானர் வரச் சொன்னார், எஜமானருக்கு உடம்பு சரியில்லை. எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் தெரியாது. நாம் மட்டும் என்ன, புருஷனையும் வீட்டுக்காரர் என்கிறோம், வாடகை வாங்குகிறவரையும் வீட்டுக்காரர் என்கிறோம். ஆனால் அதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லையே.

சாவித்ரம்மாவிடம் என் புருஷனைப் பற்றி நான் சொன்னது, வரிசையாக:

வெள்ளைக்காரர்.
வயது அறுபத்தெட்டு.
வேலை முன்பு இருந்தது, இப்போது இல்லை. பட்டாம்பூச்சி பிடிக்கிறார்.
சம்சாரம் சீமையில். (அவள் மோர் ஊற்றுவதை நிறுத்தியது இப்போது ஞாபகம் வருகிறது.)
பிள்ளைகள் மூன்று பேர், எல்லாரும் என்னைவிடப் பெரியவர்கள்.
ரொம்ப நல்லவர். போன ஞாயிறு என் கையைப் பிடித்தார், ரோஜாச் செடி கொடுத்தார்.
இந்த வீட்டுக்கு அவர் வரமாட்டார். அவருக்குப் பங்களா இருக்கிறது. நான்தான் ஒருமுறை அங்கே போனேன்.

அப்புறம் கேட்டாளே, அப்படியானால் இங்கே யார் இருக்கப் போகிறீர்கள் என்று. நானும் அவரும் என்றேன். அவர் என்றால் யார், பெயர் என்ன என்றாள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். சிரித்தேன்! வாசலில் நிற்பவரா என்று மூத்தாரைக் காட்டினாள். இல்லை, அது அவருடைய அண்ணன் என்றேன்.

தெய்வமே.

பிப்ரவரி 13, புதன்

பால் பொங்கி வழிந்தது. அக்கா திட்டினாள். சரி.

யார் யாருக்குத் தெரிந்திருக்கும்? சாவித்ரம்மா. அவள் புருஷன். தம்பி ராவ், நிச்சயம். அதனால்தான் வேறு பெட்டி. ரயிலில் தினம் போகும் ஏழெட்டுப் பேருக்கு ராவ் சொல்லியிருந்தால்? அவர்கள் அவரைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? என்னைப் பற்றி நினைப்பதைவிட அது மோசம். துரை வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைத் தன் மனைவி என்று சொல்லி வீடு பிடிக்க வந்தவன் என்று. அவர் ஒன்றும் தெரியாமல் தினம் அவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவரிடம் சொல்ல வேண்டும். எங்கே வைத்துச் சொல்வது? முன்னறையில் மூத்தார். உள்ளறையில் பிள்ளைகள். கொல்லையில் பக்கத்து வீட்டு அம்மாள் எப்போதும் துணி உலர்த்திக்கொண்டே இருக்கிறாள். அடுத்த ஞாயிறுவரை வெளியே போக வழியில்லை. அதற்குள் யாராவது அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால்?

சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வைக்கலாம் என்று எழுதினேன். 'நான் உங்களை வெள்ளைக்காரர் என்று சொல்லிவிட்டேன்.' கிழித்து அடுப்பில் போட்டேன்.

அப்பாவுக்குத் தெரிந்தால். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.

ரோஜாச் செடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினேன். செடி என்ன செய்யும்.

பிப்ரவரி 14, வியாழன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் உளுந்து தள்ளிக்கொண்டிருந்தேன். சொல்லப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

குழவியை நிறுத்திவிட்டாள். முதலில் பட்டாம்பூச்சிக்குச் சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல், மாவுக் கையோடு சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் அழுதேன். அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் அவள் முகமே வேறு.

"இது ஆம்பளைங்க காதுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தம்மா காதுக்குப் போவணும். சனிக்கிழமை கோயிலுக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பலாம்."

நீங்கள் எதற்கு அக்கா, நாங்கள் தனியாகப் போவது உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று இழுத்தேன். இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கைக்கு ஒத்தாசை போய்விடும் என்று அவள் உள்ளுக்குள் வருத்தப்படுகிறாள் என்று.

"போடி. நீங்க ரெண்டு பேரும் போனா எனக்கும் ஒரு அறை கெடைக்கும். எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

சொல்லிவிட்டு வேகமாக அரைக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது வயதுதானே அவளுக்கும்.

சனிக்கிழமை வரை இரண்டு நாள். ராவ் அதற்குள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 15, வெள்ளி

கன்னடத்தில் மனப்பாடம் செய்துகொண்டேன். தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும், எங்கள் பக்கம் எஜமானர் என்றால் வேலை கொடுப்பவர். அக்கா திருத்திக் கொடுத்தாள். இருபது தரம் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எல்லா வார்த்தைமேலும் சந்தேகம். இதில் எதற்கு வேறு அர்த்தம் இருக்குமோ?

அவர் வந்தார். இன்றும் ராவ் வேறு பெட்டி. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 16, சனி

பிற்பகல். இப்போதுதான் வந்தோம். எழுதினால்தான் நெஞ்சு அடங்கும்.

சிட்டி வரை பஸ், அங்கிருந்து ஜட்கா. அக்கா, நான், கமலி. கமலியை விட்டுவிட்டு வர முடியவில்லை, கோயில் என்றதும் பிடித்துக்கொண்டாள். ஜட்காவில் அவள் பாடிக்கொண்டே வந்தாள். நான் மனப்பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சாவித்ரம்மா கதவைத் திறந்தவள் நிலைப்படியை விட்டு நகரவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை. தெருவில் நிற்க வைத்தே பேசினாள். மனப்பாடம் செய்ததில் முதல் வார்த்தைகூட எனக்கு வரவில்லை. அக்கா பிடித்துக்கொண்டாள். கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். சொல் மாறிப்போனது, ஆரணிப் பெண், மண்டியில் எஜமானர் என்பார்கள், இவள் கொழுந்தனாரின் மனைவி, துரையிடம் அவர் டைப் அடிக்கிறார், எல்லாம்.

சாவித்ரம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து ஜோடித்துக்கொண்டு வந்திருக்கலாமே என்றாள். அக்கா அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அண்ணி சொல்லலாம், தப்பில்லை. சாவித்ரம்மா கை காட்டி நிறுத்தினாள்.

"அவளே ஹேளலி."

அவளே சொல்லட்டும் என்று. உன் யஜமான்ரு பெயர் என்ன, நீ சொல். அக்கா குழைந்தாள், எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை என்று. நாங்களும்தான் சொல்வதில்லை என்றாள் சாவித்ரம்மா. ஆனால் நாங்கள் வெள்ளைக்காரரை யஜமான்ரு என்று சொல்லிவிட்டு வருவதும் இல்லை.

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது. விளையாட்டுக்குக்கூட அந்த எழுத்தில் தொடங்கும் சாமான் பெயரை நான் தயங்கித்தான் சொல்வேன். இப்போது தெருவில் நின்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் தலைகுனிந்தே அந்த ரயிலில் போக வேண்டும். ஆயுள் குறைந்தால் என்னுடையதில் எடுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

முதல் தரம் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. இரண்டாவது தரம் வந்துவிட்டது. ரொம்பப் பலமாக வந்துவிட்டது. எதிர் வீட்டில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். தன்னைக் கூப்பிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஏன் என்று கேட்டார். அவர் பெயரும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே எழுதமாட்டேன். ஒரு தரம் சொன்னது போதும்.

சாவித்ரம்மா என் முகத்தையே பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் பயந்துவிட்டேன். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு, கையில் சாவி. பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் திறந்து காட்டினாள். புதன் நல்ல நாள், பால் காய்ச்ச வரலாம் என்றாள். தம்பியிடம் இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்கிறாளாம். வேறு யாரிடமும் சொல்லவில்லையா என்று அக்கா கேட்டாள். பக்கத்து வீட்டில் மட்டும் என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. அங்கேயும் அவளே போய்ச் சொல்ல வேண்டும் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

குதிகாலில் செருப்பு மறுபடி கடித்துக் கொப்புளம் உடைந்துவிட்டது. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

நாளைக்கு வெளியே போகும்போது அவரிடம் முதலிலிருந்து நிதானமாகச் சொல்ல வேண்டும். துரை விஷயத்தை முதலில், பெயர் விஷயத்தைக் கடைசியில். கோபித்துக்கொண்டால் அது நியாயம்தான்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

நாளைவரை எங்கே. அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் கமலி ஓடிவிட்டாள்.

"சித்தப்பா, சித்தி உன் பேரைச் சொல்லிச்சு. தெருவுல. சத்தமா."

மூத்தார் பேப்பரைக் கீழே இறக்கினார். நான் கதவுக்குப் பின்னால், கையில் காப்பி. வேறு வழியில்லாமல் அக்கா முன்னறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள், வெள்ளைக்காரரிலிருந்து சாவிவரை. மூத்தார் இருமி இருமிச் சிரித்தார். அவர் சிரிக்கவே இல்லை. ராவுக்கு ஆள் போயாயிற்றா என்று மட்டும் கேட்டார். போயாயிற்று என்றாள். எழுந்து கால் கழுவக் கொல்லைக்குப் போனார்.

கோபம்தான் என்று நினைத்தேன். அவமானம், அதற்கு மேல் ஆயுள் வேறு. துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அதிசயமாகப் பக்கத்து வீட்டு அம்மாள் இல்லை. காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார், கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினார். நான் நின்றேன். துண்டுக்குக் கை நீட்டியவர் நிமிராமலே சொன்னார்.

"மல்லேஸ்வரம் பூரா கேட்டிருக்கு. எனக்குக் கேக்கலையே."